பரப்பைக் கூறிடுதலும் எம் மாணவரும்

விழா மலருக்குத் தமிழாசிரியர் ஒருவர் கட்டுரை வரைவதாயின், பழந்தமிழ் நூல்களிலேனும் திருக்கோணமலையின் தொன்மையிலேனும் ஒரு பொருளை எடுத்து வரைவதே வழக்கம். பழைய மாணவர் சங்கத்தார் எம்மிடம் எதிர்பார்த்ததும் அதுவேயாகும். யாம் எடுத்துக்கொண்ட பொருளோ பொறியியலைச் சார்ந்தது. ஒரு பொருளின் வலிமையைக் கணினியிற் கணித்தறிதற்பொருட்டு அதன் மேற்பரப்பை முன்கூட்டியே கூறிட்டு வைக்கும் தொழிலைப் பற்றியது. 'உமக்கு ஏன் இந்த வேண்டாத வேலை?' என அன்பர் சிலர் வினவுதல் கூடும். பயிற்றப்பட்ட ஆசிரியர் என்னும் சான்றிதழுக்கு அப்பால் எமக்குப் பட்டம் எதுவுமில்லை. கணிதம் சாதாரண தரத்தோடு எம்மிடம் விடைபெற்றுக்கொண்டது. ஆயினும் இப்பொருள்பற்றி எமக்கு ஒரு வழக்குண்டு. பொறியியலாளரும் ஆசிரியரும் கடற்றொழிலாளரும் ஒருங்கே படிக்கும் இம்மலரில் அதனைக் கூறாது வேறெங்கே கூறுவது?

சென்ற விடுமுறையில், எம்மிடம் தமிழ் கற்று இப்பொழுது பொறியியற் பீடமொன்றிற் பயிலும் மாணவன் ஒருவன் எம்மைத் தன் இல்லத்துக்கு அழைத்தான். கடற்றொழிலாளர் குடும்பத்துப் பிள்ளை. சீனக்குடாவின் எண்ணெய்க் குதங்களைப் பார்த்து வளர்ந்தவனாதலின், அத்தகைய குதமொன்றின் சுவர் எத்துணைப் பாரந் தாங்கும் என்பதைக் கணித்தலையே தன் பயிற்சிப் பொருளாக எடுத்திருந்தான். அக்குதங்கள் ஆங்கிலேயக் கடற்படைக்காக இரு உலகப் போர்களுக்கு இடைப்பட்ட காலத்தில் எழுந்தவை. 99 குதங்கள், ஒவ்வொன்றும் ஏறத்தாழ 12,000 தொன் எண்ணெய் கொள்வது. அவற்றுட் பல நெடுங்காலம் புதர்மூடிக் கிடந்தமையை நாமெல்லாம் அறிவோம். பழந்தகடு இன்னும் எவ்வளவு தாங்கும் என்பது வெறும் ஏட்டு வினா அன்று.

மாணவன் கணினியைத் திறந்து, குதத்தின் சுவரை ஒரு நிறத்திலும் கூரையை இன்னொரு நிறத்திலும் காட்டினான். இரண்டும் பொருந்தி அழகாகவே நின்றன. ஆயின் கணக்கை ஓடவிட்டால், கூரை சுவரைவிட்டு எங்கோ பறந்துபோவதாக விடை வந்தது. மூன்று கிழமையாக இதனோடு போராடுகின்றானாம். 'சேர், இதைத் தமிழில விளங்கிக்கொண்டால் பிழை எங்கயெண்டு பிடிபடும்போல கிடக்கு' என்றான். யாம் உடனே எமது புலமையைக் காட்டப் புகுந்தோம். 'பரப்பு விபாகம்' என்றோம், 'கணுவொப்புமை' என்றோம். பிள்ளை மரியாதையாகக் கொப்பியில் எழுதிக்கொண்டான். அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை என்பது எமக்கு விளங்கிற்று.

அம்முறை இன்னதென ஈண்டுச் சிறிது விளக்குதல் வேண்டும். வளைந்ததொரு தகட்டின் ஒவ்வோரிடத்தும் எவ்வளவு தகைப்பு நேர்கின்றது என்பதை ஒரே சமன்பாட்டாற் கண்டுகொள்ளல் பெரும்பாலும் இயலாது. ஆகவே தகட்டின் பரப்பை முக்கோணங்களாகவும் நாற்கோணங்களாகவும் பிரிப்பர். ஒவ்வொரு சிறு கூறினுள்ளும் எளியதொரு விதி நடப்பதாகக் கொள்வர். கூறுகள் சந்திக்கும் புள்ளிகளில் அவை ஒன்றோடொன்று இணங்க வேண்டும் என்னும் நிபந்தனையை வைத்து முழுவதையும் ஒருசேரக் கணிப்பர். 1943ஆம் ஆண்டில் றிச்சட் கூரன்ற் என்னும் கணித அறிஞர் முக்கோணங்களைக்கொண்டு இவ்வழியைக் காட்டினார். 1960ஆம் ஆண்டில் றே கிளவ் என்னும் அமெரிக்கப் பேராசிரியர் அதற்குப் 'பைனைற் எலிமென்ற்' எனப் பெயரிட்டார். அளவிடவொண்ணாச் சிறுமையும் அன்று, முழுப்பொருளும் அன்று. அளவுள்ள துண்டு என்பதே அப்பெயரின் கருத்து. தமிழில் முடிவுறு கூறு என வழங்குவாருளர். முடிவுறுதல் என்றால் அழிந்துபோதல் என்றே எம் வகுப்புப் பிள்ளைகள் கொள்வராதலின், அப்பெயரில் எமக்கு உடன்பாடில்லை. அது நிற்க.

துண்டுகளாற் பின்னப்பட்ட அவ்வலையைக் கணினியே பின்னிவிடும். ஆயின் அதற்கு முன்னர்ப் பரப்பைப் பெருங்கூறுகளாக எவ்வெவ்விடத்து வெட்டிவைத்தல் வேண்டும் என்பது மனிதன் செய்யும் தீர்மானம். குதத்தையே எடுத்துக்கொள்வோம். எண்ணெயின் அமுக்கம் ஆழத்தோடு பெருகுவதாதலின், இத்தகைய பெருங்குதங்களின் அடித்தகடு தடித்தும் மேற்றகடு மெலிந்தும் இருக்கும். தடிப்பு மாறும் வரைதோறும் பரப்பை வெட்டுதல் வேண்டும். ஒரே கூறு பாதி தடித்தும் பாதி மெலிந்தும் இருத்தலாகாது. சுவரும் தரையும் கூடும் மூலையில் தகடு வளையும். அவ்வளைவு சுவரின் முழு உயரத்துக்கும் பரவாது அடியிலே குறுகியதொரு பட்டையுள் அடங்கும். அப்பட்டையைத் தனியே வெட்டி அதனுள் நுண்ணிய வலை இடுதல் வேண்டும். ஆள் நுழையும் வாயிலும் குழாய் பொருந்தும் துளையும் இன்னும் கூரிய கவனத்துக்குரியவை. அகன்ற தகடொன்றிற் சிறு வட்டத்துளை இருப்பின், தகட்டை ஒருதிசையில் இழுக்குங்கால் துளையின் விளிம்பிலே தகைப்பு மும்மடங்காகும் எனக் கேர்ஷ் என்னும் செருமானியர் 1898ஆம் ஆண்டிலே காட்டிவிட்டார். ஆகலின் துளையைச் சுற்றி வளையமொன்று வெட்டி, அவ்வளையத்தை வண்டிச் சில்லின் ஆரக்கால்போலப் பகுத்துவைத்தால், நாற்கோணங்கள் துளையைச் சுற்றி ஒழுங்காக அமரும். மேலே, ஒன்றும் நிகழாத வெறுஞ்சுவரில் பெரிய கண்களே போதும்.

கண் என்ற சொல்லை யாம் வேண்டுமென்றே இட்டோம். அதனை எமக்குக் கற்பித்தவர் அம்மாணவனின் தந்தையார். யாம் புலமை காட்டிக் களைத்திருந்த வேளையில் அவர் தோளிற் கிடந்த துவாயால் முகந்துடைத்தபடி உள்ளே வந்தார். கணினித் திரையைச் சிறிதுநேரம் உற்றுநோக்கினார். சுவரின் மேல்விளிம்பையும் கூரையின் கீழ்விளிம்பையும் விரலால் தொட்டுத்தொட்டு எண்ணினார்.

'தம்பி, இந்தப் பக்கத்தில கண் இருபது, அந்தப் பக்கத்தில பதினேழு. இதை எப்பிடிப் பொத்தினனீ?'

மாணவன் பொத்தவேயில்லை. சுவரைத் தனிப்பரப்பாகவும் கூரையைத் தனிப்பரப்பாகவும் வரைந்து, அருகருகே வைத்திருந்தான். இரண்டுக்கும் பொதுவான விளிம்பு இல்லை. ஆகவே பொதுவான முடிச்சும் இல்லை. கண்ணுக்கு ஒட்டியிருந்தது, கணக்குக்கு ஒட்டவில்லை. பரப்பை வெட்டும்போதே இரு கூறும் ஒரே விளிம்பைப் பகிருமாறு வெட்டியிருந்தால், வலை பின்னும்போது முடிச்சுகள் தாமே ஒன்றாயிருக்கும். தந்தையார் எம்பக்கந் திரும்பி, 'மாஸ்ரர், கண் ஒவ்வாட்டியும் பொத்தலாம். ஆனா எத்தனைக்கு எத்தனை எண்டு முதல்ல கணக்குப் பாக்கவேணும்' என்றார். அதுவும் உண்மையே. ஒவ்வாத இரு வலைகளை விதிவழி இணைத்துக் கணிக்கும் ஏற்பாடும் பொறியியலில் உண்டு என மாணவன் பின்னர்க் கூறினான்.

அன்று மாலை அவர் கரைவலையை விரித்துக் காட்டினார். இருபுறத்து நீண்ட கைகளிற் கண் பெரிது. மீன் வந்து திரளும் மடியிற் கண் சிறிது. இடையிலே படிப்படியாகச் சுருங்கிவரும். எங்கே காரியம் நிகழுமோ அங்கே நுண்மை. மற்றைய இடத்திலே சிக்கனம். வலை, கண், முடிச்சு, மடி, பொத்துதல் என்னும் ஐந்து சொற்களில் அப்பிள்ளை மூன்று கிழமை தேடிய பொருள் முழுதும் அடங்கிக் கிடந்தது. யாம் ஆக்கிக்கொடுத்த இரு சொற்களும் அவன் கொப்பியில் உறங்குகின்றன. உறங்கட்டும்.

வெட்டவேண்டிய இடத்தை அறிதல் ஒருபாதி; வெட்டலாகாத இடத்தை அறிதல் மறுபாதி. இதனைத் தமிழ் கற்றோர் எளிதில் உணர்வர். வேங்கை என்னும் சொல்லைப் பகாது நிறுத்தின் மரமும் புலியுமாம். வேம் கை எனப் பகுப்பின் வேகின்ற கையாம். தாமரையைத் தா எனவும் மரை எனவும் பிளந்துவைத்துத் தாவுகின்ற மானைக் காட்டுதல் இலக்கண வகுப்புக்கு இன்பந் தரும். குளத்துத் தாமரையைப் பற்றிப் பேசுமிடத்து அப்பிளவு பிழை. கணினி வரைபடங்களிலும் இத்தகைய வேண்டாப் பிளவுகள் மலிந்து கிடக்குமாம். ஒரு நிரலில் வரைந்ததை இன்னொரு நிரலுக்கு மாற்றுங்கால், ஒரே தகடு நூலிழைபோன்ற ஒடுங்கிய துண்டுகளோடு வந்து சேரும். அத்துண்டை அப்படியே விட்டால், கணினி அதன் ஒடுக்கத்துக்கேற்ப ஆயிரக்கணக்கான நுண்கண்களை அங்கே குவிக்கும். அன்றேல் ஊசிபோல் நீண்ட முக்கோணங்களை இட்டு விடையைக் கெடுக்கும். அறிந்தவன் அத்தையலைக் கலைத்து இரு துண்டையும் ஒன்றாக்கிய பின்னரே வலையிடுவான்.

நீண்டு மெலிந்த முக்கோணம் தீது என்பது கணினி வந்தபின் கண்ட உண்மையன்று. 1802ஆம் ஆண்டிலே சென்னைப் பரங்கிமலைக்கு அண்மையில் ஏறத்தாழ ஏழரை மைல் நீளமான அடிக்கோடொன்றை அளந்து, வில்லியம் லாம்ற்றன் என்பார் இந்திய நிலப்பரப்பை முக்கோணங்களாற் போர்த்தத் தொடங்கினார். ஒடுங்கிய கோணத்திலே அணுவளவு பிழை நேரினும், அதனாற் பெறும் நீளம் பெரிதும் வழுவும். ஆகவே மூன்று பக்கமும் ஏறத்தாழ ஒத்த முக்கோணங்களையே அளவையாளர் நாடுவர். அதற்கு உயர்ந்த நிலைகள் வேண்டும். சோழநாட்டுச் சமவெளியிலே குன்றுக்கு எங்கே போவது? கோயில் விமானங்களின்மீது ஏறினார். 1808ஆம் ஆண்டிலே தஞ்சைப் பெரிய கோயிலின் மீது, ஏறத்தாழ அரைத் தொன் நிறையுள்ள கோணமானியைக் கயிற்றால் ஏற்றும்போது கயிறு அறுந்து, கருவி சுவரிலே மோதிச் சிதைந்தது. அவர் கூடாரத்துள் அடைபட்டுப் பல நாள் உழைத்துத் தம் கையாலேயே அதனைச் செப்பனிட்டார். கெட்ட முக்கோணத்தை ஒப்புக்கொள்வதைக் காட்டிலும் இவ்வளவு தொல்லையும் அவருக்கு ஏற்புடையதாயிருந்தது. விசையொன்றைத் தட்டினால் நூறாயிரம் முக்கோணம் வந்து விழும் இக்காலத்தில், அவற்றுள் எது கெட்டதெனப் பார்ப்பதற்கும் நம் பிள்ளைகள் பொறுமை கொள்வாரா?

பாராதொழிந்தால் நேர்வது யாது? நோர்வே நாட்டிலே சிலைப்னர் என்னும் கடலெண்ணெய் மேடைக்காகக் கட்டப்பட்ட கொங்கிறீற்று அடித்தளம், 1991ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் 23ஆந் திகதி, கடற்கழியொன்றில் நீரிலே தாழ்த்திச் சோதிக்கப்படும்போது வெடித்து மூழ்கிற்று. மூன்று வட்டக் கலங்கள் கூடும் முக்கோண மூலையில், பரப்பைக் கூறிட்ட முறை பருமனாயும் கோணலாயும் இருந்தமையால், அங்கு நேரும் வெட்டுத் தகைப்பைக் கணினி 47 விழுக்காடு குறைத்துச் சொல்லியிருந்தது. அதனை நம்பிச் சுவரை மெலிதாகவும் கம்பியைக் குறைவாகவும் இட்டனர். பின்னர்ச் செம்மையாகக் கூறிட்டுக் கணித்தபோது, 62 மீற்றர் ஆழத்தில் அது உடையும் என விடை வந்தது. உடைந்த ஆழமோ 65 மீற்றர். உயிர்ச்சேதம் இல்லை, பொருட்சேதம் ஏறத்தாழ 70 கோடி டொலர் எனக் கணித்தனர். எந்திரம் பழுதாகவில்லை. கணித நூல் பொய்யாகவில்லை. ஒரு மூலையைப் பகுத்தவிதம் பிழைத்தது.

இனி எம் துறைமுகத்துக்கு வருவோம். 2004ஆம் ஆண்டு திசம்பர் 26ஆந் திகதி கடல் எழுந்து வந்ததை இம்மாவட்டத்தார் எவரும் மறந்திலர். அவ்வலை ஓடும் வேகம் நீரின் ஆழத்தைப் பொறுத்தது. 4,000 மீற்றர் ஆழத்தில் மணிக்கு ஏறத்தாழ 700 கிலோமீற்றர்; 10 மீற்றர் ஆழத்தில் ஏறத்தாழ 36 கிலோமீற்றர். வேகங் குறையக் குறைய அலை நெருங்கி, ஒடுங்கி, உயரும். ஆகவே கடற்பரப்பைக் கூறிட்டுக் கணிப்போர் ஆழ்கடலில் மைல் கணக்கான கண்களையும் கரையில் முற்றமளவான கண்களையும் இடுதல் வேண்டும். கரைவலைக் கதையே மீண்டும்! ஆயின் எம் கடல் எளியதன்று. கரைக்கு மிக அண்மையிலேயே கடலடிப் பள்ளத்தாக்கு இறங்குகின்றது. கொட்டியாரக் குடாவில் மகாவலி கொண்டுவந்து சேர்க்கும் மணல் இன்னோரிடம். கிண்ணியாவில் 2009ஆம் ஆண்டு திறக்கப்பட்ட 396 மீற்றர் பாலத்தின் தூண்கள் வேறோரிடம். எங்கே கோடு கிழிப்பது, எந்த வாய்க்காலின் வாயைத் தவறவிடலாகாது, எந்த மணல்மேடு மாரியில் இடம்பெயரும் என்பன கணினிக்குத் தெரியா. தெரிந்தவர்கள் மூதூரிலும் கிண்ணியாவிலும் திருக்கடலூரிலும் தோணி தள்ளுகின்றனர். அவர்கள் அறிவு முழுதும் தமிழில் இருக்கின்றது.

எமது வழக்கு இதுதான். நம் பிள்ளைகள் உயர்தரம் வரை தமிழிலே கற்கின்றனர். பொறியியற் பீடத்திலே ஆங்கிலத்திற் கற்கின்றனர். இரண்டுக்கும் இடையிலுள்ள விளிம்பு பொத்தப்படாது கிடக்கின்றது. இருபது கண் ஒருபுறம், பதினேழு கண் மறுபுறம். ஆங்கிலச் சொல்லை மனனஞ் செய்து தேர்வில் எழுதுவோன் விசையைத் தட்டுவான். வரும் படம் அழகாயிருந்தால் நம்புவான். பரப்பைக் கூறிடுதலோ நம்புதற்குரிய தொழிலன்று, ஐயுறுதற்குரியது. ஐயத்தைத் தாய்மொழியிலேதான் ஒருவன் முழுமையாக எழுப்ப இயலும் என்பது இருபத்திரண்டாண்டு வகுப்பறையிலே யாம் கண்டது.

மறுப்பு இரண்டு கேட்டோம். 'பீடத்தில் ஆங்கிலமே பயன்படும்போது தமிழ்ச்சொல் வீண் சுமையன்றோ?' என்பது ஒன்று. ஆங்கிலத்தைக் கைவிடுமாறு யாம் கூறவில்லை. அது இன்றி இத்துறையில் ஓரடியும் வைத்தல் இயலாது. பொருளை முதலில் தமிழிற் கண்டபின் பெயரை ஆங்கிலத்தில் ஏற்றுக்கொள்வோன் இரண்டையும் இழப்பதில்லை. மற்றையது கடுமையானது: 'வலைப்பேச்சு உவமைக்குச் சரி, கணக்குக்கு உதவுமா?' உவமை கணக்காகாது என்பதை ஒப்புகின்றோம். தகட்டின் வளைவையும் சமன்பாட்டையும் பயிலாது எவனும் பொறியியலாளன் ஆகான். ஆயினும் சமன்பாட்டில் நம்மவர் பின்தங்கியோர் அல்லர். களிமண் எப்பொழுது இளகும் என்பதற்கு 1963ஆம் ஆண்டு கேம்பிரிச்சைச் சார்ந்த றொஸ்கோ, ஸ்கோபீல்ட் என்பாரோடு சேர்ந்து விதி கண்டவர், பின்னாளில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத் துணைவேந்தராயிருந்த பேராசிரியர் அ. துரைராசா அவர்கள். மண்ணைக் கூறுகூறாகப் பகுத்துக் கணிக்கும் நிரல்களில் அவ்விதியும் அதன் வழிவந்தனவும் இன்றும் வழங்குகின்றன. கணக்கு நமக்கு வரும். கணக்குக்கு முன்னே நிற்கும் பார்வையைத்தான் பள்ளியிலே கொடாது விட்டோம். தமிழாசிரியரும் அக்குற்றத்திற் பங்காளரே. பழைய சொல்லைக் கேளாமலே புதிய சொல்லை ஆக்கும் அவசரம் எம்மிடமே மிகுதி.

பனையோலைக் கடகம் இழைக்கும் தாய்மாரைக் கேளுங்கள். சதுரமாகத் தொடங்கிய அடியிலிருந்து சுவர் எழுமிடத்திலே நான்கு மூலை வரும். அம்மூலை ஒவ்வொன்றிலும் நான்கு சதுரத்துக்குப் பதில் மூன்றே சதுரங் கூடும். எவ்வளவு கெட்டிக்காரி இழைப்பினும் அந்நான்கையும் ஒழித்தல் இயலாது. ஒயிலர் என்னும் கணித மேதை கண்ட விதி அதனைத் தடுக்கின்றது. முழுதும் மூடிய உருண்டையை நாற்கோணங்களாற் போர்த்தினால், மூன்று கூடும் மூலை எட்டாவது வேண்டும். எங்கே அம்மூலைகளை வைப்பது என்பதே கூறிடுவோன் செய்யும் தெரிவு. பாரமில்லாத இடத்தில் வைப்பவன் கைதேர்ந்தவன். இவ்வுண்மையை ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கும் ஒரு கடகத்தை வைத்துக் காட்டலாம். யாம் காட்டிப் பார்த்தோம்.

பழைய மாணவர் சங்கத்தாரை யாம் கட்டடம் கேட்கவில்லை. உள்ளூரிலும் வெளியூரிலும் பொறியியலாளராயிருக்கும் பழைய மாணவர்கள், விடுமுறைக்கு வரும்போது ஒரு சனிக்கிழமை முற்பகலை உயர்தர மாணவருக்குத் தருதல் வேண்டும். தாம் கூறிட்டுப் பிழைத்த பரப்பொன்றைக் கொண்டுவந்து, எங்கே வெட்டியிருக்க வேண்டும் என அவர்களையே கேட்டல் வேண்டும். வெற்றிகளை மலரில் எழுதலாம். வகுப்புக்குப் பிழைகளே பயன்படும். அவ்வமர்வுகளிலே வலை பொத்துவோரும் தச்சரும் தையற்காரரும் உடனிருத்தல் வேண்டும். அங்கே எழும் சொற்களைப் படத்தோடு குறித்துவைக்க யாம் உடன்படுகின்றோம். புதுச்சொல் ஆக்கமாட்டோம் என உறுதியும் தருகின்றோம்.

அம்மாணவனின் தந்தையார் கொடுத்த பழைய கரைவலைத் துண்டொன்று, உப்பு மணம் இன்னும் போகாதபடி, எமது வகுப்பின் பின்சுவரிலே தொங்குகின்றது. பெரிய கண்ணும் சிறிய கண்ணும் கூடும் வரிசை அதில் உண்டு. எத்தனைக்கு எத்தனை எடுத்துப் பொத்தியிருக்கின்றார் என்பதைப் பத்தாம் வகுப்பார் ஒரு கிழமையாக எண்ணுகின்றனர். மூன்றுக்கு இரண்டு என்கிறான் ஒருவன். நான்குக்கு மூன்று என்கிறான் இன்னொருவன். நாளை அவரே வந்து சொல்வதாக இருக்கின்றது.